மீன் ஓடும்போது ரீல் என்ன செய்கிறது?

தூண்டில் ரீல் வாங்கப் போகிறவரிடம் மற்றவர்கள் முதலில் கேட்பது, "எத்தனை பேரிங்?" என்பதுதான். அடுத்து, "கியர் எவ்வளவு?" அதற்கும் அடுத்து, "எத்தனை கிலோ தாங்கும்?" மூன்றுக்கும் விடை பெட்டியின் மேலேயே அச்சிட்டிருக்கிறது. எண் பெரிதாக இருந்தால் ரீல் நல்லது என்று முடிவு செய்து வாங்கிவிடுகிறார்கள்.

நானும் முதல் ரீலை அப்படித்தான் வாங்கினேன். பத்துப் பேரிங் என்று எழுதியிருந்தது. கைப்பிடியைச் சுண்டிவிட்டால் விசிறிபோலச் சுற்றியது. சில மாதங்கள் கழித்து ஒரு பெரிய மீன் மாட்டி ஓடத் தொடங்கியபோது, நரம்பு, அதாவது தூண்டில் இழை, சுற்றியிருக்கும் உருளை ஒரு கணம் அசையாமல் நின்றது. அந்த ஒரு கணத்தில் நரம்பு அறுந்தது. வீட்டுக்கு வந்து ரீலைத் திறந்து பார்த்தேன். உள்ளே இருந்த வாஷர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. பேரிங் பத்தும் நன்றாகத்தான் இருந்தன.

ரீலை நரம்பைச் சுற்றி எடுக்கும் கருவியாகவே பலரும் நினைக்கிறார்கள். அது பாதி உண்மை. மீன் மாட்டிய பிறகு ரீலின் முதல் வேலை, நரம்பை அளவாக விட்டுக்கொடுப்பது. அந்த வேலையை அது எப்படிச் செய்கிறது என்று புரிந்துகொண்டால், பெட்டியில் உள்ள எண்களில் எதற்கு எவ்வளவு மதிப்புக் கொடுக்கலாம் என்பது தானாகவே விளங்கும்.

பட்டம் விடுகிறவரின் விரல்கள்

பலத்த காற்றில் பட்டம் விடுகிறவரைக் கவனியுங்கள். காற்று திடீரென்று இழுக்கும்போது அவர் நூலை இறுகப் பிடிப்பதில்லை. பிடித்தால் நூல் அறுந்துவிடும். முழுவதும் விட்டுவிடுவதும் இல்லை. விட்டால் பட்டம் தொய்ந்து விழுந்துவிடும். இரண்டு விரல்களுக்கிடையே நூலை லேசாக அழுத்தி, வழுக்கிக்கொண்டு போகும்படி விடுகிறார். அந்த அழுத்தம்தான் நூலையும் காக்கிறது, பட்டத்தையும் கட்டுப்படுத்துகிறது.

ரீலுக்குள் அந்த விரல்களின் வேலையைச் செய்யும் அமைப்புக்கு டிராக் என்று பெயர். நரம்பு சுற்றப்பட்டிருக்கும் உருளையை ஸ்பூல் என்கிறோம். ஸ்பூலுடன் சேர்த்துச் சில வட்டத் தகடுகள், அதாவது வாஷர்கள், அடுக்கடுக்காக வைக்கப்பட்டிருக்கும். மேலே ஒரு திருகு. திருகை இறுக்கினால் வாஷர்கள் ஒன்றையொன்று அழுத்தும். ஸ்பூல் எளிதில் சுழலாது. தளர்த்தினால் எளிதில் சுழலும். மீனின் இழுப்பு நாம் வைத்த அளவைத் தாண்டும்போது வாஷர்கள் வழுக்கி, ஸ்பூல் சுழன்று, நரம்பு வெளியே போகிறது. இழுப்பு குறைந்ததும் ஸ்பூல் நின்றுவிடுகிறது. சைக்கிள் பிரேக்கைப் பாதி அழுத்தியபடி மேட்டிலிருந்து இறங்குவது போன்ற வேலை இது.

வாஷர்கள் பெரும்பாலும் கம்பளித் துணி போன்ற ஃபெல்ட்டாலோ, கார்பன் இழையாலோ செய்யப்படுகின்றன. ஃபெல்ட் வாஷர் மெல்லிய நரம்புக்கும் சிறிய மீனுக்கும் போதும். வேகமாக, நெடுந்தூரம் ஓடும் மீன் என்றால் உராய்வில் வாஷர் சூடாகும். அந்தச் சூட்டை கார்பன் வாஷர் நன்றாகத் தாங்கும்.

பீரோவை நகர்த்தும் சிக்கல்

கனமான பீரோவைத் தரையில் தள்ளிப் பார்த்தவர்களுக்கு ஒன்று தெரியும். நகரத் தொடங்கும்வரைதான் பெரும்பாடு. நகர்ந்துவிட்டால் அதைவிடக் குறைந்த பலமே போதும். ஓய்வில் இருக்கும் இரண்டு பரப்புகளுக்கிடையே உள்ள உராய்வு, நகர்ந்துகொண்டிருக்கும் பரப்புகளுக்கிடையே உள்ளதைவிடக் கூடுதல்.

டிராக்கிலும் இதேதான் நடக்கிறது. நீங்கள் 2 கிலோவுக்கு டிராக் வைத்திருப்பதாக எண்ணிக்கொண்டிருப்பீர்கள். மட்டமான டிராக்காக இருந்தால், அது நகரத் தொடங்கவே 3 கிலோ, 4 கிலோ இழுப்பு தேவைப்படலாம். பிறகு சட்டென்று விடுபட்டு, மறுபடியும் பிடித்து, மறுபடியும் விடுபடும். மெல்லிய நரம்பு அந்த முதல் வெட்டிலேயே போய்விடும். என் மீனும் அப்படித்தான் போயிற்று.

ஆகவே ரீலைக் கையில் எடுத்தால் நான் முதலில் செய்வது இதுதான். டிராக்கை ஓரளவு இறுக்கிவிட்டு, நரம்பைக் கையால் மெதுவாக, ஒரே சீராக இழுப்பேன். தொடக்கத்தில் முரண்டு பிடிக்கிறதா? நடுவில் திக்கித் திக்கிப் போகிறதா? தண்ணீர் வழிவதுபோல ஒரே சீராக வருகிறதா? திருகைக் கால் சுற்றுத் திருப்பினால் இழுப்பு கொஞ்சமாக மாறுகிறதா, ஒரேயடியாகத் தாவுகிறதா? இந்த நான்கு கேள்விகளுக்கும் பெட்டியில் எண் கிடையாது. விரல்தான் சொல்ல வேண்டும். நரம்பு சுற்றாத புது ரீலாக இருந்தால் ஸ்பூலையே கையால் மெல்லத் திருப்பிப் பார்க்கலாம்.

எத்தனை கிலோ வேண்டும்?

"அதிகபட்ச டிராக் 15 கிலோ" என்ற வரி எல்லோரையும் கவர்கிறது. உங்கள் நரம்பு 6 கிலோவில் அறுந்துவிடும் என்றால் அந்த 15 கிலோவை வைத்துக்கொண்டு என்ன செய்ய முடியும்? தூண்டில்காரர்களிடையே நெடுங்காலமாகப் புழங்கும் கணக்கு, நரம்பு தாங்கும் பலத்தில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குவரை டிராக் வைப்பது. 6 கிலோ நரம்புக்கு ஒன்றரை முதல் 2 கிலோ. மீதி பலம் வீணாவதில்லை. முடிச்சுப் போட்ட இடத்தில் நரம்பின் வலு குறைந்திருக்கும். கழி வளையும்போது வளையங்களில் நரம்பு உராயும். மீன் திடீரென்று உதறும். அந்த மிச்சம் இவற்றுக்கெல்லாம் தேவை.

இதைக் கைக்கணக்காக வைப்பதைவிட அளந்துவிடுவது நல்லது. நரம்பின் நுனியை ஒரு சுருள்வில் தராசில் கட்டி, மீனோடு போராடும்போது பிடிப்பதுபோலக் கழியைச் சாய்த்துப் பிடித்து இழுக்க வேண்டும். ஸ்பூல் நகரத் தொடங்கும்போது தராசு காட்டும் அளவுதான் உங்கள் உண்மையான டிராக். ஒருமுறை செய்து பார்ப்பவர்கள் பெரும்பாலும் வியந்து போவார்கள். 2 கிலோ இழுப்பு என்பது கையில் அவ்வளவு கனமாகத் தெரியும். நீண்ட கழியின் நுனியில் மீன் இருக்கிறது. அடியில் நாம் இருக்கிறோம். நெம்புகோலின் நீண்ட பக்கம் மீனுக்குக் கிடைத்திருக்கிறது. 8 கிலோ, 10 கிலோ டிராக்கை இடுப்புப் பட்டை இல்லாமல், வெறும் கையால் நெடுநேரம் தாங்குவது பலமான ஆளுக்கும் கடினம்.

இன்னொரு செய்தி பலருக்கும் புதிதாக இருக்கும். மீன் நெடுந்தூரம் ஓடி ஸ்பூல் மெலிந்துவிட்டால், நீங்கள் திருகைத் தொடாமலேயே டிராக் கூடிவிடும். கதவைக் கைப்பிடிப் பக்கம் தள்ளினால் லேசாகத் திறக்கிறது. கீல் பக்கம் தள்ளினால் திணறுகிறது. நிறைந்த ஸ்பூலில் மீன் விளிம்பில் நின்று இழுக்கிறது. மெலிந்த ஸ்பூலில் அச்சுக்கு அருகே நின்று இழுக்கிறது. அதே ஸ்பூலைத் திருப்ப அதற்கு அதிக பலம் வேண்டியிருக்கிறது. சுருளின் விட்டம் 50 மில்லிமீட்டரிலிருந்து 25 மில்லிமீட்டராகக் குறைந்தால் 2 கிலோ டிராக் 4 கிலோவாகிவிடும். தண்ணீருக்குள் நீண்டு கிடக்கும் நரம்பை நீர் தடுப்பதும் இதோடு சேர்ந்துகொள்ளும். மீன் ஓட ஓடப் பதறிப்போய் டிராக்கை இறுக்குவது தொடக்கக்காரர்களின் இயல்பு. அந்த நேரத்தில் செய்ய வேண்டியது கொஞ்சம் தளர்த்துவது.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துப் பார்ப்போம். டிராக் என்பது வழுக்கும் பிரேக். அது எவ்வளவு தாங்கும் என்பதைவிட, எவ்வளவு சீராக விடுகிறது என்பதே முக்கியம். அதை நரம்பின் பலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வைக்காதீர்கள். ஸ்பூல் மெலிந்தால் டிராக் தானாகக் கூடும் என்பதை மறக்காதீர்கள்.

நிற்கும் ஸ்பூலும் சுழலும் ஸ்பூலும்

தையல் நூல்கண்டிலிருந்து நூலை இரண்டு விதமாக எடுக்கலாம். கண்டை நிறுத்தி வைத்து, அதன் தலைப்பக்கமாக நூலை மேலே இழுத்தால், கண்டு அசையாது. நூல் வளைய வளையமாகக் கழன்று வரும். கண்டை ஒரு குச்சியில் கோத்துப் பக்கவாட்டில் இழுத்தால், கண்டு சுழன்றபடி நூலைக் கொடுக்கும். ரீல்களிலும் பெரிய பிரிவு இந்த இரண்டுதான்.

முதல் வகை ஸ்பின்னிங் ரீல். கழியின் அடியில் தொங்கும். இரையை வீசும்போது ஸ்பூல் நிற்கும். நரம்பு அதன் தலை வழியாகக் கழன்று போகும். திரும்பச் சுற்றும்போதும் ஸ்பூல் சுழலாது. ரோட்டர் என்ற சுழலும் பகுதி நரம்பை ஸ்பூலைச் சுற்றிக் கொண்டுவந்து படிய வைக்கும். இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு நகரில் கம்பளி ஆலை நடத்திய ஆல்ஃபிரெட் ஹோல்டன் இல்லிங்வொர்த் என்பவர் 1905-இல் இத்தகைய ரீல் ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். ஆலையில் கண்டுகளிலிருந்து நூல் கழலும் விதத்தைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்தவர் அவர். தூண்டில் ரீலுக்கும் நூல்கண்டுக்கும் உள்ள உறவை நினைத்தால் எனக்கு இன்றும் மகிழ்ச்சியாக இருக்கிறது.

இரண்டாவது வகையில் ஸ்பூலே சுழலும். இது மிகப் பழையது. சீன ஓவியர் மா யுவான் 1195-ஐ ஒட்டி வரைந்த ஓவியம் ஒன்றில், குளிர்கால ஏரியில் படகில் அமர்ந்திருப்பவரின் தூண்டிலில் சிறிய சக்கரம் ஒன்று தெளிவாகத் தெரிகிறது. இன்று இந்த வகையில் அதிகம் பேசப்படுவது பெய்ட்காஸ்டிங் ரீல். கழியின் மேல் அமர்ந்திருக்கும். கனமான இரையைக் குறிபார்த்து வீசவும், தடித்த நரம்பைக் கையாளவும் இதற்கு இணை இல்லை. ஆனால் பழகும்வரை பாடுபடுத்தும். வீசிய இரை காற்றில் வேகம் குறைந்த பிறகும் ஸ்பூல் அதே வேகத்தில் சுழன்றுகொண்டிருக்கும். வெளியே போக வழியில்லாத நரம்பு உள்ளேயே குவிந்து சிக்காகிவிடும். கட்டைவிரலால் ஸ்பூலைத் தடவிக் கட்டுப்படுத்தக் கற்றுக்கொள்ள வேண்டும். உதவிக்குக் காந்த பிரேக் அல்லது மையவிலக்கு பிரேக் இருக்கும். இந்த வீச்சு பிரேக் வேறு, டிராக் வேறு. முன்னது இரை பறக்கும்போது வேலை செய்கிறது. பின்னது மீன் ஓடும்போது.

முதல் ரீல் என்றால் ஸ்பின்னிங் ரீலையே வாங்குங்கள் என்பேன். எடை குறைந்த இரையையும் வீசலாம், சிக்கும் குறைவு. பெரும்பாலான ஸ்பின்னிங் ரீல்களில் கைப்பிடியை இடப்பக்கமோ வலப்பக்கமோ மாற்றிப் பொருத்திக்கொள்ளலாம். பெய்ட்காஸ்டிங் ரீலில் அது முடியாது. எந்தக் கையால் சுற்றுவீர்கள் என்பதை வாங்கும்போதே தீர்மானித்துவிட வேண்டும்.

கியர்: சைக்கிளில் தெரிந்ததுதான்

கியர் விகிதம் என்பது, கைப்பிடியை ஒருமுறை சுற்றினால் நரம்பைச் சுற்றும் பகுதி எத்தனை முறை சுற்றுகிறது என்ற எண். 5.2:1 என்றால் ஒரு சுற்றுக்கு ஐந்தேகால் சுற்றுக்குக் கொஞ்சம் குறைவு. கியர் சைக்கிள் ஓட்டியவர்களுக்கு மீதி தெரியும். உயர்ந்த கியரில் வேகம் கிடைக்கும், மேட்டில் ஏற முடியாது. தாழ்ந்த கியரில் மெதுவாகப் போகும், மேடு லேசாகத் தெரியும். ரீலிலும் விகிதம் கூடினால் வேகம் கூடும், இழுக்கும் பலம் குறையும்.

விகிதத்தை மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடலாம். ஸ்பூலின் பருமனும் சேர்ந்ததுதான் வேகம். 45 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஸ்பூலின் சுற்றளவு ஏறத்தாழ 14 சென்டிமீட்டர். 5.2 விகிதத்தில் கைப்பிடியின் ஒரு சுற்றுக்கு 73 சென்டிமீட்டர் நரம்பு வரும். 60 மில்லிமீட்டர் ஸ்பூல் கொண்ட ரீலின் விகிதம் 4.8-ஆக இருந்தாலும், ஒரு சுற்றுக்கு 90 சென்டிமீட்டர் எடுத்துவிடும். விகிதம் குறைவு, வேகம் அதிகம்! ஆகவே ஒரு சுற்றுக்கு எத்தனை சென்டிமீட்டர் என்ற எண்ணைத் தேடுங்கள். பல நிறுவனங்கள் அதையும் அச்சிடுகின்றன.

நீரின் மேற்பரப்பில் துள்ளவைக்கும் இரைகளுக்கும், தொய்ந்த நரம்பை விரைந்து எடுக்க வேண்டிய முறைகளுக்கும் வேகமான ரீல் பொருந்தும். ஆழத்தில் போகும், நீரை எதிர்த்துத் தடுக்கும் இரைகளுக்கு மெதுவான ரீல் கையை வருத்தாது. தொடக்கக்காரருக்கு 5-க்கும் 6-க்கும் இடைப்பட்ட விகிதம் எல்லாவற்றுக்கும் ஓரளவு ஒத்துப்போகும்.

எந்த விகிதமாக இருந்தாலும், கிணற்றில் வாளி இறைப்பதுபோல ரீலால் மீனை இழுக்க முயல வேண்டாம். கழியை உயர்த்தி மீனை இழுத்துவிட்டு, கழியைத் தாழ்த்தும்போது கிடைக்கும் தொய்வை ரீலால் சுற்றிக்கொள்ள வேண்டும். இழுப்பது கழி, சேர்த்து வைப்பது ரீல். அதைவிட முக்கியமாக, டிராக் நரம்பை விட்டுக்கொண்டிருக்கும்போது ஸ்பின்னிங் ரீலின் கைப்பிடியைச் சுற்றாதீர்கள். நரம்பு உள்ளே வராது. ரோட்டரின் ஒவ்வொரு சுற்றும் நரம்பில் ஒரு முறுக்கை ஏற்றும். 5 விகிதமுள்ள ரீலில் பத்து முறை சுற்றினால் ஐம்பது முறுக்கு. அடுத்த முறை வீசும்போது நரம்பு சுருண்டு சுருண்டு வருவதற்கு ரீலைக் குறை சொல்கிறார்கள். பாவம், ரீல் என்ன செய்யும்?

பேரிங் எண்ணிக்கை

சுழலும் அச்சு உராயாமல் சுழல, அதைச் சுற்றிச் சிறு குண்டுகள் வைத்த வளையமே பேரிங். அது தேவையான பொருள்தான். முக்கியமான இடங்கள் சில உண்டு: பெரிய கியரின் இருபுறமும், ரோட்டரைத் திருப்பும் சிறிய கியரும், நரம்பு திரும்பும் இடத்தில் இருக்கும் சிறு உருளையும். அந்த இடங்களில் தரமான பேரிங் நான்கைந்து இருந்தால் ரீல் நன்றாக உழைக்கும். எண்ணைக் கூட்டுவதற்காகக் கைப்பிடிக் குமிழிலும் மற்ற இடங்களிலும் மட்டமான பேரிங்குகளை நிரப்புவதும் நடக்கிறது. "5+1" என்று இருந்தால், அந்த 1 பெரும்பாலும் கைப்பிடி பின்னோக்கிச் சுழலாமல் தடுக்கும் உருளை பேரிங்கைக் குறிக்கும்.

கைப்பிடியைச் சுண்டி எவ்வளவு நேரம் சுற்றுகிறது என்று பார்ப்பதால் பயனில்லை. கிரீஸ் குறைவாகப் போட்ட ரீல் நெடுநேரம் சுற்றும். மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். மணல் அரைபடுவதுபோலத் தெரிகிறதா? கைப்பிடியை முன்னும் பின்னும் ஆட்டினால் கடகடக்கிறதா? ரீலின் உடலைப் பிடித்து லேசாக முறுக்கினால் நெளிகிறதா? சுமை ஏறும்போது உடல் நெளிந்தால் கியர்ப் பற்கள் சரியாகப் பொருந்தாமல் தேயும். ஒன்றிரண்டு பேரிங் குறைந்தாலும் விறைப்பான உடல் உள்ள ரீலையே நான் எடுப்பேன்.

நரம்பு திரும்பும் அந்தச் சிறு உருளையை விரலால் தொட்டுச் சுழற்றிப் பார்க்கவும் மறக்க வேண்டாம். அது சுழலாவிட்டால் நரம்பு ஒரே இடத்தில் உராய்ந்து நைந்துபோகும்.

சுருக்கமாக: கியர் எண்ணைச் சென்டிமீட்டராக மாற்றிப் பாருங்கள், பேரிங் எண்ணைக் கைகளால் சோதியுங்கள்.

அளவும் நரம்பும்

1000, 2500, 4000 என்றெல்லாம் ரீல்களுக்கு அளவு எண் இருக்கும். செருப்பு அளவைப்போல இதுவும் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். நம்பத் தகுந்தது ஸ்பூலில் எழுதியிருக்கும் கொள்ளளவு. "0.30 மி.மீ. – 200 மீ." என்றால், அவ்வளவு தடிமனான நரம்பு 200 மீட்டர் சுற்றலாம். தடிமன் கொஞ்சம் குறைந்தாலும் நீளம் நிறையக் கூடும், 0.25 மில்லிமீட்டர் நரம்பு என்றால் அதே ஸ்பூலில் ஏறத்தாழ 290 மீட்டர் பிடிக்கும். பல இழைகளைப் பின்னிச் செய்யும் பின்னல் நரம்பு, அதே பலமுள்ள நைலான் நரம்பைவிட மிக மெலிது. சிறிய ரீலிலேயே நிறையப் பிடிக்கும். ஆனால் வழவழப்பான ஸ்பூலில் நேரடியாகச் சுற்றினால் மொத்தச் சுருளும் வழுக்கிச் சுழலும். டிராக் கெட்டுவிட்டதோ என்று நினைக்க வைக்கும். அடியில் சில மீட்டர் நைலான் சுற்றிவிட்டால் பிடிப்பு கிடைக்கும்.

ஸ்பின்னிங் ரீலில் ஸ்பூலின் விளிம்புக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர் குறைவாக நரம்பை நிரப்ப வேண்டும். அதற்கும் குறைந்தால் விளிம்பில் உராய்ந்து வீச்சு குறையும். வழிய நிரப்பினால் கொத்தாகக் கழன்று முடிச்சு விழும். ரீலைக் கழியில் பொருத்தி ஒருமுறை பிடித்தும் பாருங்கள். நுனி தாழ்ந்தாலும் அடி கனத்தாலும் ஒரு மணி நேரத்தில் மணிக்கட்டு வலிக்கும்.

உப்பும் ஈரமும்

நன்னீரில் மட்டும் மீன் பிடிப்பவருக்குக் கிராஃபைட் உடல் போதும். எடை குறைவு, துருப்பிடிக்காது. கடலுக்கு என்றால் உறுதியான அலுமினிய உடல், துருவை எதிர்க்கும் பேரிங், டிராக்குக்குள் நீர் புகாத ரப்பர் அடைப்பு ஆகியவற்றுக்குக் கூடுதலாகச் செலவழிப்பது தகும். உப்பு நீர் உள்ளே காய்ந்து படிகமானால் சீரான டிராக்கும் திக்கத் தொடங்கிவிடும்.

கடலிலிருந்து திரும்பியதும் டிராக் திருகை நன்றாக இறுக்கிவிட்டு, நல்ல தண்ணீரை மெல்லத் தெளித்துக் கழுவுங்கள். இறுக்கினால்தான் வாஷர்களுக்கிடையே நீர் போகாது. பாய்ச்சி அடிக்க வேண்டாம். அந்த வேகம் உப்பை உள்ளே தள்ளும். துடைத்து, நிழலில் காயவிட்டு, எடுத்து வைக்கும்முன் திருகை முழுவதும் தளர்த்திவிடுங்கள். வாரக்கணக்கில் அழுந்தியே கிடக்கும் வாஷர் தட்டையாகி ஒட்டிக்கொள்ளும். நான் திறந்து பார்த்த அந்த முதல் ரீலில் இருந்தவை அப்படி ஒட்டியவைதான். இப்போதெல்லாம் ஒவ்வொரு முறை கிளம்பும் முன்பும் தராசை எடுத்து டிராக்கைப் புதிதாக அளந்து வைக்கிறேன். இரண்டு நிமிடம்கூட ஆவதில்லை.